நாலு விரல் உயரம்

"ஒரு ஆளால காரோட ஒரு பக்கத்தைத் தூக்க முடியுமாம்மா?"

கேட்டவர் சோணைமுத்து. அந்த வட்டாரத்தில் காரைத் தூக்கிய ஒரே ஆள் அவர்தான்.

பூரணத்தம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடத்து முற்றத்தில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான தூக்குனீங்க?"

"அதனாலதான் கேக்குறேன்."

மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மலை அடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டிடம். ஒரு கிணறு. யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய கார்.

குருவான பூரணத்தம்மாளைவிடச் சீடருக்குப் பதினோரு வயது அதிகம். சோணைமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. மெக்கானிக். மடத்துக் காரைச் சரிபார்க்க வந்தவர் பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறார். காரும் பன்னிரண்டு வருடமாகக் கெட்டுக்கொண்டே இருக்கிறது.

பூரணத்தம்மாள் உபதேசம் செய்கிறவர் இல்லை. கேள்வி கேட்கிறவர்களுக்கு வேலை கொடுப்பார். மோட்சத்தைப் பற்றிக் கேட்ட ஒரு தாசில்தார் கிணற்றடியில் பாசி தேய்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கேள்வி கேட்க வரவில்லை. பாசி தேய்க்க மட்டும் வந்தார்.

சோணைமுத்துவுக்கு அன்று வேலை செய்கிற நிலைமை இல்லை. இரண்டு கையையும் முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் பூரணத்தம்மாள்.

சோணைமுத்து சொன்னார்.

அவருடைய ஒர்க்ஷாப்பில் கூட வேலை செய்வது கதிரேசன். தங்கை பவுனுவின் புருஷன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கதிரேசன் ஒரு காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அடியில் போய்ப் படுத்தான். அவசரத்தில் முட்டு வைக்கவில்லை.

முட்டு என்பது இரண்டு வேலமரக் கட்டைகள். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி கட்டை மேல் உட்காரும். அடியில் போகிறவன் உயிர் அந்தக் கட்டையில்தான் இருக்கிறது.

ஜாக்கி சரிந்தது. வண்டி கதிரேசனின் நெஞ்சின் மேல் இறங்கியது.

அவன் கத்தக்கூட இல்லை. கத்த மூச்சு வேண்டும்.

சோணைமுத்து ஓடிப்போய் பம்பருக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். வண்டி எழும்பியது. நாலு விரல் உயரம். சாப்பாடு கொண்டுவந்திருந்த பவுனு புருஷனின் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். இரண்டு விலா எலும்பு முறிந்ததோடு ஆள் பிழைத்துக்கொண்டான்.

"நல்லதுதான?" என்றார் பூரணத்தம்மாள்.

"அதுவரைக்கும் நல்லதும்மா."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லச் சோணைமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் மாலை போட்டார்கள். அவர் கழுத்தை நீட்டினார். பெயிண்டர் ஒர்க்ஷாப் போர்டை மாற்றி எழுதி, பக்கத்தில் ஒரு ஆள் காரைத் தலைக்கு மேல் தூக்குகிற மாதிரி படமும் போட்டுக் கொடுத்தார். முகம் சோணைமுத்துவின் முகம். புஜங்கள் வேறு யாருடையதோ. அதையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள். தலைமையாசிரியை மைக்கில் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு மனிதனால் ஒரு காரின் ஒரு முனையைத் தூக்க முடியுமா?

மனசு வைத்தால் முடியும் என்று சோணைமுத்து சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் கதிரேசன்.

"ஒரு முனையத் தூக்குனீங்க" என்றார் பூரணத்தம்மாள். "இன்னொரு முனை?"

"அது தரையிலதாம்மா இருந்துச்சு."

"தூக்குனதுல மத்த சக்கரத்து ஸ்பிரிங் கொஞ்சம், தரை கொஞ்சம், நீங்க கொஞ்சம். கைதட்டு மூணு பேருக்குமா?"

கைதட்டு முழுவதையும் தானே வாங்கி வைத்துக்கொண்டது சோணைமுத்துவுக்குத் தெரியும்.

விலா எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கதிரேசன் முட்டு வைக்காமல் அடியில் போனான். சோணைமுத்து கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். கதிரேசன் அடியிலிருந்து சிரித்தான்.

"எதுக்கு மச்சான் அது? நீங்கதான் எனக்கு முட்டு."

வண்டிக்காரர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். காரையே தூக்குகிற மனுஷனோட அடக்கத்தைப் பார் என்றார் ஒருவர்.

சோணைமுத்துவும் சிரித்தார். கட்டையைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்தச் சிரிப்புக்கு அவர் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். அவரே அப்படித்தான் நினைத்தார்.

அதற்குப் பிறகு முட்டு வைப்பது என்ற பழக்கமே ஒர்க்ஷாப்பிலிருந்து போய்விட்டது. ஒரு நாள் பவுனு அந்தக் கட்டைகளைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். சும்மாதான கிடக்குது அண்ணே என்றாள். ஆமாம் என்றார்.

"கதிரேசன் அடியில போயிட்டா நான் வண்டியை விட்டு நகர முடியலம்மா. ஒண்ணுக்குக்கூடப் போறதில்ல. பம்பர் பக்கத்துலயே நிக்கிறேன். சோறு இறங்கல."

"நிக்கிறீங்கல்ல. விழுந்தா தூக்கிருவீங்க."

சோணைமுத்து தரையைப் பார்த்தார்.

"அதே மாதிரி ஒரு வண்டியை மறுபடி தூக்கிப் பார்த்தேம்மா. யாரும் இல்லாதப்ப."

"ம்."

"அசையல."

பூரணத்தம்மாள் கையிலிருந்த புளியை வைத்துவிட்டு முதல் தடவையாக அவரைப் பார்த்தார்.

"கதிரேசனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லலியா?"

"எப்படிம்மா சொல்றது?"

அது கேள்வி இல்லை.

நேற்று நடந்ததையும் சோணைமுத்து சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் இன்று வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். நேற்று கதிரேசன் அடியில் இருந்தபோது ஜாக்கி ஒரு விரல்கடை இறங்கி நின்றது. அவ்வளவுதான். விபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு விரல்கடையில் சோணைமுத்து இரண்டடி பின்னால் போயிருந்தார். கை பம்பருக்குப் போகவில்லை. கால்தான் போனது.

அடியிலிருந்து கதிரேசன் யாரிடமோ பெருமையாகச் சொன்னான். மச்சான் புடிச்சுக்கிட்டாரு.

"அவன் சாகப்போறாம்மா" என்றார் சோணைமுத்து. "என்னை நம்பியே சாகப்போறான். என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? எனக்கு மறுபடி அந்தப் பலம் வர ஒரு வழி சொல்லுங்க. ஏதாவது விரதம் இருக்கணுமா, மந்திரம் இருக்கா, எதுன்னாலும் செய்றேன்."

பூரணத்தம்மாள் எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டார்.

"நம்ம வண்டிக்கு அடியில என்னமோ சொட்டுது. ஜாக்கி போடுங்க."

சோணைமுத்துவுக்கு அழுகை வந்தது. இப்போதுமா வேலை? ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம். எழுந்து போனார்.

கார் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். காலையில் ஒரு தூறல் போட்டிருந்ததால் செம்மண் இளகிக் கிடந்தது. பலகைத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஜாக்கியை வைத்து, பின்பக்கத்தைத் திருகி ஏற்றினார். சக்கரம் மண்ணை விட்டது.

"இருங்கம்மா. கிணத்தடியில கல்லு கெடக்குது. ரெண்டு எடுத்தாந்து முட்டு வச்சிட்டு நான் உள்ள போய்ப் பாக்குறேன்."

அவர் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் புடவை மண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது.

பூரணத்தம்மாள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

காவிப் புடவையின் ஓரமும் இரண்டு பாதங்களும்தான் வெளியே தெரிந்தன.

"அம்மா."

"ம்."

"வெளிய வாங்கம்மா. முட்டு வைக்கல."

"முட்டு எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல."

கல்லை எடுக்கப் போனால் வண்டியை விட்டுப் போக வேண்டும். போகாமல் நின்றால் கல் இல்லை. ஓடி வந்து பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

குனிந்து ஜாக்கியைப் பார்த்தார். பலகை ஒரு ஓரமாக மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது.

"பலகை இறங்குதும்மா."

"எங்க சொட்டுதுன்னு தெரியல" என்றார் அடியிலிருந்து. "புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்."

"நல்லா?"

"நல்லாத்தாம்மா புடிச்சிருக்கேன். தயவுசெஞ்சு வாங்க."

"அப்ப ஜாக்கியை இறக்கிருங்க."

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சோணைமுத்து நினைத்தார்.

"நீங்க புடிச்சிருக்கீங்க. ஜாக்கி வேற எதுக்கு? எனக்கு இடைஞ்சலா இருக்குது. இறக்குங்க."

"என்னம்மா விளையாட்டு இது."

"ஊருக்கே தெரியும் நீங்க யாருன்னு. இறக்குங்க."

அவர் குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் சோணைமுத்துவை மேலும் பயமுறுத்தியது. இந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான். வெளியே வர மாட்டார்.

பலகை இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஜாக்கி சாய்வதை அவர் தன் உள்ளங்கையில் உணர்ந்தார். தம் கட்டிப் பம்பரைத் தூக்கிப் பார்த்தார். முதுகு நொடித்தது. கார் கார் மாதிரியே இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் எந்தக் கை தூக்கியதோ அதே கைதான். அந்தக் கையை அவர் வெறுத்தார்.

"என்னால முடியாதும்மா" என்றார் மெதுவாக.

"கேக்கல."

"முடியாதும்மா."

"என்ன முடியாது? வண்டிக்கு அடியில காது சரியாக் கேக்கல."

சோணைமுத்து கத்தினார். அவர் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

"என்னால இந்த வண்டியத் தூக்க முடியாது. எந்த வண்டியையும் தூக்க முடியாது. அன்னைக்கு எப்படித் தூக்குனேன்னே எனக்குத் தெரியாது. நான் பொய்க்காரன். இது விழுந்தா நீங்க செத்துப்போவீங்க. நான் ஒண்ணுமே செய்ய முடியாது. வெளிய வாங்க."

பாதங்கள் அசைந்தன. பூரணத்தம்மாள் பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்தார். முழங்கையில் செம்மண் அப்பியிருந்தது. எழுந்து நின்று புடவையை உதறினார்.

சோணைமுத்து பம்பரை விட்டார்.

ஜாக்கி இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு ஆள் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு சாய்ந்தது. வண்டி தடால் என்று சக்கரத்தின் மேல் விழுந்து, ஆடி, நின்றது.

சக்கரத்தைக் கழற்றாததால் அடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. ஒல்லியான ஒரு ஆள் அதற்குள் பிழைத்துக் கிடக்க முடியுமா என்று குனிந்து பார்க்கச் சோணைமுத்துவுக்குத் தைரியம் வரவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பூரணத்தம்மாள் வாளியில் தண்ணீர் இறைத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றார். "அங்க கேட்டிருக்காது."

சோணைமுத்து வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை.

ஓடினார். மடத்துக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதால் வாசல் மாடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். கதிரேசன் நம்பரைப் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது, நான் வருகிற வரைக்கும் அடியில் போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். எதற்கு என்று கதிரேசன் கேட்டான். சும்மா என்றார். சும்மா என்று சொன்னால் எவன் கேட்பான்?

மூன்றாவது தடவை பவுனு எடுத்தாள்.

"கதிரேசன் எங்க?"

"வேலையா இருக்காருண்ணே. இங்கதான்."

"இங்கன்னா எங்க?"

"வண்டிக்கு அடியில. வண்டிக்காரர் அவசரப்படுறாரு. அண்ணன் அடுத்த பஸ்ஸுல வந்துரும்னு சொல்லிக்கிட்டே உள்ள போனாரு."

சோணைமுத்து போனை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவன்கிட்ட வை. வண்டியத் தொட்றாத. சாஞ்சுகூட நிக்காத."

பவுனு எதையோ கேட்க வந்து, அண்ணன் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்பேனர் இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. கதிரேசன் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வெளிய வா."

"அஞ்சு நிமிஷம் மச்சான். ஒரு போல்ட்டுதான்."

"வெளிய வந்துரு. என்னால வண்டியத் தூக்க முடியாது."

கதிரேசன் சிரித்தான். "மடத்துக்குப் போனாலே உங்களுக்கு அடக்கம் கூடிப்போகும் மச்சான்."

ஸ்பேனர் மறுபடி தட்டியது.

சோணைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பவுனு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வண்டிக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

"தினமும் மதியானம் நீ சாப்பிடப் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூக்கிப் பாக்குறேன் மாப்ள. நீ வேலைக்குத் திரும்புன நாள்லேருந்து. பெரிய வண்டி, சின்ன வண்டி, எல்லாம் பாத்துட்டேன். ஒரு நாளும் ஒரு மயிரிழைகூட அசையல. நேத்து ஜாக்கி இறங்குச்சே, அப்ப நான் புடிக்கல. பின்னால ஓடுனேன்."

ஸ்பேனர் நின்றது.

அப்புறம் சத்தமே இல்லை. பவுனுவின் மூச்சு மட்டும் கேட்டது. சோணைமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு உடம்பு தரையில் உரசி நகர்கிற சத்தம்.

அது கேட்டது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. எதையும் இடித்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து ஒருவன் நகர்கிற சத்தம்.

எட்டு மாதத்தில் கதிரேசன் முதல் தடவையாக அப்படி வெளியே வந்தான்.

"வந்துட்டாருண்ணே" என்றாள் பவுனு. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சோணைமுத்துவும் அழுதார். அதை அவர் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதிரேசன் போனை வாங்கினான். அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மச்சான்."

"சொல்லு மாப்ள."

"அப்ப அன்னைக்கு மட்டும் எப்படித் தூக்குனீங்க?"

பள்ளிக்கூட மேடையில் சொன்ன பதில் சோணைமுத்துவின் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"அன்னைக்கு நீ செத்துருவியோன்னு பயந்துட்டேன்."